தாம்பூலமும் வாய்ப்புற்றும்: கெடாத் தோட்டங்களில் ஒரு நோயின் வரலாறு

நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கெடா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் கரையிறங்கிய துறை பினாங்கு ஆகும். அப்பெயர், பாக்கைக் குறிக்கும் ‘பீனாங்’ என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது. கமுகின் பெயர் தாங்கிய அத்துறையில் இறங்கிய மக்களின் மடியிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை அடங்கிய ஒரு சுருக்குப்பை இருந்தது. அப்பை அவர்களோடு லயத்துக்குச் சென்றது. பால்மரக் காட்டுக்குச் சென்றது. திருமணப் பந்தலிலும் இழவு வீட்டிலும் உடனிருந்தது. பல ஆண்டுகள் சென்ற பின்னர், மருத்துவமனைக் குறிப்பேடுகளிலும் அது இடம் பெற்றது. வாய்ப்புற்று என்னும் கொடிய நோய் மலாயாத் தமிழரிடையே மிகுந்து காணப்படுவதற்குரிய காரணத்தை ஆராய்ந்த அறிஞர்கள், இறுதியில் அச்சுருக்குப்பையிடமே வந்து நின்றனர்.

கெடாவைக் கடாரம் என்று சோழர் மெய்க்கீர்த்திகள் கூறும். பூசாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களும் அத்தொடர்புக்குச் சான்றாக நிற்கின்றன. அவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் மாணாக்கர்க்குப் பெருமிதத்துடன் எடுத்துரைப்பது வழக்கம். அதே மண்ணில், மெர்போக்குக்கும் பீடோங்குக்கும் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடையே விரிந்த தோட்டங்களில், இன்னொரு வரலாறும் நிகழ்ந்துள்ளது. அது வெற்றியின் வரலாறன்று. ஆயினும் உயிர் காக்கும் அறிவு எவ்வாறு பிறக்கிறது, பிறந்த அறிவு உரியவரிடம் சென்று சேர ஏன் காலம் தாழ்க்கிறது என்பவற்றை உணர்த்தும் வரலாறு அதுவே.

தாம்பூலத்தின் தொன்மை

உணவுக்குப் பின் வெற்றிலை மடித்துக் கொடுத்தல் தமிழர் வாழ்வில் மிகப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, மதுரைப் புறஞ்சேரியில் கோவலனுக்கு அமுது படைத்த பின், வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். அவன் உண்ட கடைசி உணவு அது. நிச்சயதார்த்தத்தைத் ‘தாம்பூலம் மாற்றுதல்’ என்றே இன்றும் கூறுகின்றனர். இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பெண் கேட்டலைக் குறிக்கும் ‘மெமினாங்’ என்னும் மலாய்ச் சொல்லும் பாக்கின் பெயரிலிருந்தே பிறந்தது. ஆகவே, கெடாவுக்கு வந்த தமிழர் ஓர் அயல் நாட்டுக்கு வந்தனரேனும், வெற்றிலைத் தட்டை மதிக்கும் மக்களிடையேதான் வந்து சேர்ந்தனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கண்ணகி அளித்த தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின்னர்ப் போர்த்துகீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. விரைவில் அது வெற்றிலையோடு கலந்து, அதன் பிரிக்க முடியாத துணையாயிற்று. பழந்தாம்பூலம் வேறு, புகையிலை சேர்ந்த தாம்பூலம் வேறு என்னும் இவ்வேறுபாடு, பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சியின் பெரும் வினாவாக மாறியது.

தோட்டத் தொழிலாளர்க்குத் தாம்பூலம் மங்கலப் பொருள் மட்டுமன்று; வேலைக்குத் துணையும் ஆகும். ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன்னரே. ஆகவே, விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நிற்க வேண்டும்; பனியிலும் கொசுக்கடியிலும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் உடலுக்குச் சூடும் சுறுசுறுப்பும் தருவது. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்துவது. கையிரண்டும் வேலையில் இருக்கும்போது கன்னத்தில் அடக்கிக்கொள்ளக் கூடியது வெற்றிலை ஒன்றே. ஆடவர் பலர் சுருட்டையும் பீடியையும் நாடினர். பெண்டிர்க்கு வெற்றிலையே ஆறுதலாக அமைந்தது. சிலர் இரவில் உறங்கும்போதும் அதனைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பர்.

காய்ச்சல் மறைத்த நோய்

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டனின் ஆதிக்கத்துக்கு மாறியது. 1915இல் இருப்புப்பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. தோட்டங்கள் பெருகின, கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளரும் பெருகினர். அக்காலத்தில் தோட்டத்து மக்களின் உயிரைக் குடித்த நோய்கள் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆகும். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதற்கால உழைப்பை மலேரியா, பெரிபெரி ஆகிய நோய்களுக்கே பெரிதும் செலவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் நாள்தோறும் கொடுத்ததும் கொயினாவே.

அந்நாளில் வாய்ப்புற்று ஒரு தனி நோயாகக் கருத்தில் படாமைக்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வருவது. இளவயதிலேயே காய்ச்சலுக்குப் பலர் பலியான இடத்தில் முதுமையின் நோய் வெளிப்படுவதற்கு வாய்ப்பில்லை. மற்றொன்று, தொழிலாளர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. நோயுற்றவரும் முதியவரும் தமிழகத்துக்கே திரும்பினர். நோய்க்கு வித்து ஓரிடத்திலும் விளைவு மற்றோரிடத்திலுமாக இருந்தமையால், இரண்டையும் இணைத்துக் காண்பார் அரியராயினர்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. பின்னர்ப் போரும் சப்பானியர் ஆட்சியும் வந்தன. போர் முடிந்தபின் தோட்டத்து மக்கள், வந்து செல்லும் கூலிகளாக இல்லாமல், நிலைத்த குடிகளாயினர். மலேரியாவும் அடங்கி வந்தது. மக்கள் முதுமை எய்தினர். அப்பொழுதுதான் நீண்டகாலம் மறைந்திருந்த நோய் மலாயா மருத்துவர் கண்ணுக்குப் புலனாயிற்று.

நெய்யூர் கண்ட உண்மை

மலாயாவில் இந்நோய் புலப்படுமுன்னரே, தமிழ் வழங்கும் தென்கோடியில் அதன் தடம் கண்டறியப்பட்டிருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூர், அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. இலண்டன் மிஷனரிச் சங்கத்தார் அங்கு நடத்திய மருத்துவமனைக்கு வாயிலும் கன்னத்திலும் புண் பட்டோர் கூட்டங் கூட்டமாக வந்தனர். அங்குப் பணியாற்றிய பெண்டால் என்னும் மருத்துவர், 1908ஆம் ஆண்டில், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பொன்றைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஐரோப்பிய மருத்துவர்கள் தம் நாட்டில் அரிதாகவே கண்ட கன்னப்புற்று, அங்கு நாள்தோறும் காணும் நோயாக இருந்தது.

1933இல் அதே நெய்யூரைச் சேர்ந்த ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ‘லான்செட்’ இதழில் விரிவாக எழுதினார். எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவரும் நெய்யூரில் நெடுங்காலம் தொண்டாற்றியவரே. கன்னத்தில் எப்பக்கம் வெற்றிலையை அடக்கி வைக்கிறார்களோ அப்பக்கமே புற்றும் தோன்றுவது, வெற்றிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகக் காட்டியது.

பம்பாயில் 1941இல் திறக்கப்பெற்ற தாத்தா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த அறிஞர் கனோல்கர், 1944இல் அந்நகரத்து வாய்ப்புற்றை ஆராய்ந்து எழுதினார். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தோன்றியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அப்பணிக்குத் தூண்டியது என்பது பலரும் அறிந்த செய்தி. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோர் அந்நிலையத்தில் கன்னப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் இணைத்து அளிக்கும் முறையை ஆராய்ந்தனர். இவ்வாறு தாய்நாட்டில் திரண்ட அறிவு, கடல் கடந்த தமிழரிடையே தோன்றிய நோயை விளங்கிக்கொள்ளவும் துணையாயிற்று.

மூன்று இனம், ஒரு தட்பவெப்பம்

நோய்க்குக் காரணம் தட்பவெப்பமா, உணவா, பரம்பரையா, பழக்கமா என்று பிரித்தறிவது எளிதன்று. அதற்கு மலாயா ஒரு நல்ல களமாக அமைந்தது. ஒரே மண்ணில், ஒரே வெயிலிலும் மழையிலும், மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தார் வெவ்வேறு பழக்கங்களோடு வாழ்ந்தனர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்குறியியல் கூடத்துக்கு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்தும் வெட்டியெடுக்கப்பட்ட கட்டித் துண்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்த மார்ஸ்டன் என்னும் அறிஞர், மலாயாவில் புற்றுநோய் இனந்தோறும் வேறுபடுவதைப் பற்றி 1958இல் எழுதினார். 1960இல் ‘மலாயாவில் வெற்றிலைப் புற்று’ என்னும் பொருளில் தனிக் கட்டுரையும் வெளியிட்டார். சீனரிடையே மூக்குக்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதியில் மிகுதியாகக் காணப்பட்ட புற்று, இந்தியரிடையே வாயில் மிகுதியாகக் காணப்பட்டது.

அதே 1960இல் சிங்கப்பூரில் மியூர், கிர்க் என்னும் இருவர் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினர். 1966இல் சப்பானிய அறிஞர் ஹிரயாமா, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் நடு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வாய்ப்புற்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர் நோயுற்றாரையும் நோயற்றாரையும் ஒப்பிட்டு நோக்கினார். நாளொன்றுக்கு எத்தனை முறை மெல்லுகிறார்களோ அத்தனைக்கு இடரும் ஏறியது; உறங்கும்போதும் வாயில் அடக்கி வைப்போர்க்கு அது எல்லாவற்றினும் மிகுந்திருந்தது. பழக்கம் ஏற ஏற நோயும் ஏறுமாயின், அது தற்செயலன்று என்பதே மருத்துவ ஆராய்ச்சியின் தருக்கமாகும்.

1970களில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வாய்நோய்ப் பிரிவில் பணியாற்றிய கே. இராமநாதனும் அவர்தம் துணைவரும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். 1973இல் அவர்கள் 407 மலேசியரின் வாய்களில் புற்றுக்கு முன்னோடியான நிலைகளையும் அவர்களுடைய பழக்கங்களையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். புற்று வந்தபின் அறிவதைவிட, அது வருமுன் வாயில் தோன்றும் அடையாளத்தை அறிவதே நலம் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

கள்ளும் வெற்றிலையும்

கெடாத் தோட்டங்களின் சமூக வரலாற்றில் 1946, 1947 ஆகிய ஆண்டுகள் குறிப்பிடத்தக்கவை. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழித்தல், லயங்களைத் தூய்மையாக வைத்தல், தன்மானத்தோடு வாழ்தல் ஆகியன அதன் குறிக்கோள்கள். 1947 பிப்ரவரித் திங்களில் பீடோங் கள்ளுக்கடை முன் நிகழ்ந்த மறியல் போலீசாரோடு மோதலில் முடிந்தது. அதனைத் தொடர்ந்து சிறைத் தண்டனைகளும் உயிரிழப்பும் நேர்ந்தன. கல்வியறிவு குறைந்தவர் என்று எள்ளப்பட்ட தோட்டத்து மக்கள், தம்மைத் தாமே சீர்திருத்திக்கொள்ள வல்லவர் என்பதை அவ்வியக்கம் காட்டியது.

மதுவும் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிலைநாட்டியது. 1988இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதுபானங்களைப் புற்றை விளைவிப்பன என்று அறிவித்தது. புகையிலையும் மதுவும் சேரும்போது இடர் கூடுவது மட்டுமன்றிப் பெருகவும் செய்கிறது. ஆகவே, தொண்டர் படையினர் தாம் அறியாமலேயே புற்றுநோய்க்கு எதிராகவும் போராடினர் எனலாம். எனினும் அவர்கள் குறி கள்ளின் மேலேயே இருந்தது. கள் குடும்பத்தைக் கெடுப்பது கண்கூடு. வெற்றிலையோ எவரையும் அடிப்பதில்லை, கூலியைத் தீர்ப்பதில்லை, மங்கலத்தின் அடையாளமாகவும் இருப்பது. பகையாக வருவதை மக்கள் எளிதில் அறிந்துகொள்வர்; மங்கலமாக வருவதை ஐயுறுவது அரிது. இந்நோய் தோட்டங்களில் நீண்டகாலம் நிலைத்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

கட்டி தோன்றும் விதம்

வாயின் உட்புறம் மென்மையான சளிச்சவ்வால் போர்த்தப்பட்டது. அதன் உயிரணுக்கள் நாள்தோறும் தேய்ந்து உதிர்ந்து, புதியன தோன்றிக்கொண்டே இருக்கும். பாக்குத் துணுக்குகள் அச்சவ்வை உராய்கின்றன. சுண்ணாம்பு அதனை அரிக்கிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலுள்ள பொருள்களிலிருந்து உயிரணுக்களைத் தாக்கவல்ல ஆக்சிசன் மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. அரெக்கோலினிலிருந்தும் புகையிலையிலிருந்தும் நைட்ரோசமின்கள் என்னும் நச்சுகள் உண்டாகின்றன. இவை உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபணுக்களைச் சிதைக்கின்றன. ‘வளர்க’ என்று ஏவும் மரபணு ஓயாது ஏவத் தொடங்கினும், ‘நில்’ என்று தடுக்கும் மரபணு அழிந்து போயினும், உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகும். 1991இல் பம்பாய் ஆராய்ச்சியாளர், புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் எச்-ராஸ் என்னும் வளர்ச்சி மரபணு திரிந்திருப்பதைக் கண்டனர்.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. இடையில் வாயே எச்சரிக்கை விடுக்கிறது. துடைத்தாலும் போகாத வெண்திட்டு, வெல்வெட்டுப் போன்ற செந்திட்டு, ஆறாத புண் ஆகியன அவ்வெச்சரிக்கைகள். மற்றொன்று, கன்னத்தின் உட்புறம் நார் போல் இறுகி வாய் திறக்க முடியாமற் போதல். காரம் பட்டால் எரிச்சல், பிறகு வாய் குறுகுதல், பின்னர் கவளம் நுழையாமை என்று அது வளரும். இந்நார்நோயை 1952இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் சுவார்ட்ஸ் என்பார். அவர் கண்டது கிழக்காப்பிரிக்காவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐவரிடம். கடல் கடந்த இந்தியர் சென்ற இடமெல்லாம் இந்நோயும் உடன் சென்றது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனி, பழந்தாம்பூலம் பற்றிய வினாவுக்கு வரலாம். 1985இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிக்கும் என்று முடிவு கூறியது. புகையிலை சேராத தாம்பூலம் பற்றிச் சான்று போதவில்லை என்றது. குற்றமெல்லாம் அயலிலிருந்து வந்த புகையிலையுடையதே, முன்னோர் வழங்கிய வெற்றிலைபாக்கு மாசற்றதே என்று பலர் ஆறுதல் கொள்ள அது இடமளித்தது. ஆனால் ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. தைவானில் புகையிலை சேர்க்காமலேயே பாக்கு மெல்லும் வழக்கம் பரவியிருந்தது. அங்கும் வாய்ப்புற்று மிகுந்திருந்தது. இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த அந்நிறுவனம், 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத தாம்பூலமும் புற்றை விளைவிக்கும் என்றும், பாக்கே புற்றை விளைவிக்கும் பொருள் என்றும் திட்டமாக அறிவித்தது. வெற்றிலைக் கொடியின் இலை மேல் அத்தகைய குற்றம் சாட்டப்படவில்லை. புகையிலை பெருங்குற்றவாளி, பாக்கும் குற்றமற்றதன்று. பழமையின் மேலுள்ள அன்பு இம்முடிவை மறைத்தலாகாது.

சிகிச்சையும் தொலைவும்

சிறிய புற்றை அறுவையால் முழுவதும் நீக்கிவிடலாம். அந்நிலையில் வந்தோருள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். புற்று பெரிதாகித் தாடையெலும்பைப் பற்றினாலோ, கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினாலோ, அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்தே வேண்டப்படும். தாடையின் ஒரு பகுதியையும் இழக்க நேரும். பிழைப்போர் தொகையும் குறையும். அண்மைக் காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் வந்துள்ளன. ஆயினும் முற்றிய நோயை அவை முதல்நிலை நோயாக மாற்றிவிடுவதில்லை.

கெடாத் தோட்டத்து நோயாளிக்கோ இவற்றோடு தொலைவும் ஒரு பகையாயிற்று. கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு ஏழு வாரங்கள் தொடர்வது. 1970களில் பினாங்குத் தீவில் மவுண்ட் மிரியம் மருத்துவமனை புற்றுநோய்க்கெனத் தோன்றியது. 1985இல் பாலம் திறக்கும் வரையில், பட்டர்வொர்த் துறையிலிருந்து படகேறியே தீவை அடைய வேண்டும். வெட்டிய பாலுக்கும் வேலை செய்த நாளுக்கும் கூலி பெறும் பெண்ணொருத்தி ஏழு வாரம் வேலையை விட்டுப் போவதென்றால், குடும்பத்தின் வருவாயில் அது பெரும் குறையாகும். வாய்ப்புண்ணில் முதலில் வலி இராது. வலி இல்லாத புண்ணுக்காக நாட்கூலியை இழப்பார் யாருமில்லை. வலி வந்தபின் செல்லும்போது காலம் கடந்துவிடுகிறது. தோட்டத்து மக்கள் நோய் முற்றிய பின்னரே வந்தனர் என்று கூறுவோர், அவர்கள் ஏன் அவ்வாறு வந்தனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வாய் பார்க்கும் இயக்கம்

1993, 1994ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் ஒரு பேராய்வு நடைபெற்றது. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாய்களைப் பல்மருத்துவர்கள் நேரிற் பார்த்துக் குறிப்பெடுத்தனர். புற்றுக்கு முன்னோடியான நிலைகள் சீனரிடையே நூற்றுக்கு 0.5 ஆக இருக்க, இந்தியரிடையே நூற்றுக்கு 4.0 ஆக இருந்தன. சபா, சரவாக் பூர்வகுடிகள் 2.5 என்னும் அளவில் அடுத்த நிலையில் இருந்தனர். இரு திறத்தாரிடையேயும் தாம்பூலம் தரிக்கும் வழக்கம் இருந்தது. உலகின் பல நாடுகளில் வாய்ப்புற்று ஆடவரையே மிகுதியாகத் தாக்க, மலேசிய இந்தியரிடையே அது பெண்டிரை மிகுதியாகத் தாக்குவதும் தெரியவந்தது. சுருக்குப்பையைச் சுமந்தவர் யார் என்பதை எண்ணினால் இது வியப்பன்று.

இவ்வாய்வின் பயனாக, 1997இல் சுகாதார அமைச்சின் பல்மருத்துவப் பிரிவு, வாய்ப்புற்றைத் தடுக்கவும் முன்னறியவுமான திட்டத்தைத் தொடங்கியது. இடர் மிகுந்த மக்கள் வாழும் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பல்மருத்துவக் குழுவினர் நேரில் சென்று வாயைப் பார்ப்பது அதன் முறை. நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்வது போய், மருத்துவர் லயத்தைத் தேடி வரும் நிலை தோன்றியது. 2001இல் தொடங்கப்பெற்ற புற்றுநோய் ஆராய்ச்சி அறநிறுவனம், மலேசிய நோயாளிகளின் கட்டிகளிலிருந்து உயிரணுக்களை எடுத்துச் சோதனைக் கூடத்தில் வளர்த்து, புதிய மருந்துகளை ஆராயும் பணியில் ஈடுபட்டது. அதே ஆண்டில் கெடாவிலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் வளாகம் பீடோங்கை அடுத்த செமிலிங்கில் உள்ளது. பல்மருத்துவமும் அங்குக் கற்பிக்கப்படுகிறது. தொண்டர் படை எழுந்த மண்ணுக்கு அண்மையில் இன்று வாய்நோயை அறியும் மாணவர் பயில்கின்றனர்.

வாயைப் பார்ப்பதால் மட்டும் உயிர் பிழைக்குமா என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை கேரளத்திலிருந்து கிடைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, ஏறத்தாழ 1,92,000 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. பாதிப் பேரின் வாய்களைப் பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர் குறித்த கால இடைவெளியில் பார்த்தனர். மறுபாதியினர் வழக்கமான முறையில் விடப்பட்டனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு நூற்றுக்கு 34 குறைந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை; வெளிச்சமும், பயிற்சி பெற்ற கண்ணுமே வேண்டப்பட்டன. இதற்கு முன் 1986இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வு, 36,000 புகையிலைப் பழக்கத்தாரிடையே நடத்திய அறிவுரைப் பணியால், பழக்கத்தை விட்டோர் பெருகியதையும் வாயில் வெண்திட்டு தோன்றுவது குறைந்ததையும் எடுத்துக்காட்டியது.

மாறிய தோட்டம், மாறாத கடமை

கெடாவின் தோட்டங்கள் இன்று பழைய தோட்டங்கள் அல்ல. ரப்பர் இருந்த நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில தொழிற்பேட்டைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்களின் பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். இளையோரிடையே வெற்றிலைப் பழக்கம் குறைந்துள்ளது. ஆனால் நாற்பது ஆண்டுகள் மென்ற பாட்டிமார் அவ்வீடுகளில்தான் இருக்கின்றனர். தோட்டத்தில் அனைவரும் ஓரிடத்தில் இருந்தபோது ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடிய வாய்கள், இன்று நகரமெங்கும் சிதறியுள்ளன. மருத்துவர் தேடி வருவதற்குரிய லயம் மறைந்தபின், வீட்டாரே தேடிப் பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

இங்கேதான் தமிழாசிரியரின் பங்கு வருகிறது. பாட்டியின் வாயைப் பார்க்கும் உரிமை பேரப்பிள்ளைக்கு உண்டு. பேரப்பிள்ளைக்குச் சொல்லும் வாய்ப்பு ஆசிரியர்க்கு உண்டு. துடைத்தும் போகாத வெண்மை அல்லது செம்மை, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், திறக்க மறுக்கும் வாய், கழுத்தில் தோன்றும் கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், வலி வரும் வரை காத்திராமல், அருகிலுள்ள அரசு பல்மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் அளவே அச்செய்தி. பல்லாண்டு மென்றவரும் இன்று நிறுத்தினால் இடர் குறையத் தொடங்கும் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். இனி நிறுத்தி என்ன பயன் என்னும் சோர்வே பழக்கத்துக்குப் பெருந்துணை.

தாம்பூலத் தட்டு தமிழர் பந்தலிலிருந்து மறைய வேண்டுவதில்லை. மதிப்பின் அடையாளமாக அது கையில் இருக்கலாம். வாய்க்குச் செல்ல வேண்டுவதில்லை. வழக்கங்கள் காலந்தோறும் திரிந்தே வந்துள்ளன. கண்ணகி காலத்துத் தாம்பூலத்தில் இல்லாத புகையிலை பின்னர் வந்து சேர்ந்தது. சேர்த்துக்கொள்ளத் தெரிந்த சமூகத்துக்கு நீக்கவும் தெரியும். கள்ளுக்கடை முன் நின்று தம் வாழ்வைத் தாமே திருத்த முயன்ற கெடாத் தோட்டத்து மக்களின் வழித்தோன்றல்கள், அதனினும் அமைதியான இத்திருத்தத்தையும் தம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்கலாம்.